லிஃப்ட்காரர் மனையியல் படித்த கதை

மேல்வீட்டு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நான் கீழே ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே தொம்மென்று ஒரு சத்தம். அக்கா வீட்டிலிருந்து சத்தமே வராது. நாற்காலியைக்கூடத் தூக்கித்தான் வைப்பாள், இழுக்க மாட்டாள். அதனால்தான் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டியில் திரும்பி வரும்போது அக்கா வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுப்புல பால் வெச்சிருந்தேனே, இறக்கினியா?" என்றாள். அடுப்பை நான் அணைத்திருந்தேன். ஆனால் அதற்குள் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி, ஆறு வீடு. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் நடுவில் விட்டிருக்கும் காற்றுவெளியைப் பார்த்தபடி இருக்கும். யார் வீட்டில் என்ன வேகிறது, யார் வீட்டில் என்ன கருகுகிறது என்று மூக்கே சொல்லிவிடும். நான் தரைத்தளத்தில் துணி திருத்தித் தைக்கிறவள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடுவது. எனக்கு நேர் மேலே அக்காவும், லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் வீட்டுக்காரரும், பத்தாவது படிக்கும் மகளும். அந்தப் பெண்ணை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம்.

அக்காவின் சமையலறை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்குள் அவளைத் தவிர யாரும் கால் வைத்ததில்லை. பால்பவுடர் டப்பாவில் மிளகு இருக்கும், பிஸ்கட் டப்பாவில் பருப்பு இருக்கும், டீத்தூள் என்று எழுதிய டப்பாவில் சத்தியமாக டீத்தூள் இருக்காது. "நீ தேடாதே, கலைச்சிடுவே. எனக்குத்தான் எடம் தெரியும்" என்பாள். இருட்டில் கூட கை நீட்டினால் எடுத்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, ஒரு மனுஷிக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டாமா? லிஃப்ட்காரர் தண்ணீர் வேண்டுமென்றாலும் சமையலறை வாசலில் நின்றுதான் கேட்பார்.

முதல் பத்து நாள் அவர்கள் வீட்டில் கடைச் சாப்பாடும் ரொட்டியும் ஓடின. இரண்டு வேளை நான் சோறு வடித்து அனுப்பினேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈரத்துணி காயாமல் மாடிப்படி முழுக்க ஒரு வாடை. பதினோராம் நாள் சாயங்காலம் லிஃப்ட்காரர் வேலையிலிருந்து வந்தவர் என் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீங்க பள்ளிக்கூடத்துல மனையியல் படிச்சவங்கதானே?"

"அத ஏண்ணா இப்போ ஞாபகப்படுத்துறீங்க?"

"நூலகத்துக் கட்டடத்துல லிஃப்ட் பாக்கப் போனேன். மேல் மாடியில அந்த வகுப்பு நடத்துறாங்களாம், பெரியவங்களுக்கு. வாரத்துல ரெண்டு நாள், ஆறுலேர்ந்து எட்டு. நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. பேரு குடுத்துட்டேன்."

"நீங்களா?"

"நான்தான். அவளும் குட்டியும் தினம் ரொட்டி தின்னுட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருக்காங்க. முப்பது பேருக்கு எடம், நான் இருபத்தொம்பதாவது. ஒரு நாள் விட்டிருந்தா கெடைச்சிருக்காது."

நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நான் படித்தபோது நிலைமை வேறு. கணக்கு வராத பெண்களை அள்ளிக்கொண்டு போய் அந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். 'சோத்துப் படிப்பு' என்று பையன்கள் கேலி செய்தார்கள். "இதுக்கு வீட்லயே இருந்து அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணியிருக்கலாமே" என்று அப்பா சொன்னார். நான் படித்து முடித்த இரண்டாம் வருஷம் அந்த அறையைக் காலி செய்து கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள். எந்தக் கறையை எதை வைத்து எடுப்பது, எந்தக் காயை எவ்வளவு நேரம் வேகவிட்டால் சத்து மிஞ்சும், தீக்காயத்தில் என்னென்ன பூசக் கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. இப்போது முப்பது பேர் முண்டியடித்துக்கொண்டு போய் உட்காருகிறார்கள். நல்லதுதான். ஆனால் நெஞ்சில் ஒரு முள் குத்தியது, அதை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து மேலேயிருந்து வாசனை வர ஆரம்பித்தது. முதலில் கருகல் வாசனை. அப்புறம் பரவாயில்லை என்கிற வாசனை. அப்புறம் நல்ல வாசனை. லிஃப்ட்காரர் கம்பி வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர். சமையலையும் அப்படியே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு அட்டை. தண்ணீர் இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இத்தனை கரண்டி, தீ இந்த அளவு, நிமிஷம் இவ்வளவு. அட்டையில் உள்ளது அடுப்பில் நடக்கும். ருசி பார்க்கவே மாட்டார். "எதுக்குப் பாக்கணும்? அளந்துதானே போட்டிருக்கேன்" என்பார்.

வகுப்பைப் பற்றி மாடிப்படியில் நின்று எனக்கு ஒப்பிப்பார். இருபத்தாறு வயது வங்கிப் பையன் ஒருவன் மூன்று வருஷமாகப் பொட்டலச் சாப்பாடாகவே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, வைத்தியர் சொல்லி வந்து சேர்ந்திருக்கிறான். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, இரண்டு பேருக்கும் பெரிய சம்பளம், இரண்டு பேருக்கும் துணி துவைக்கத் தெரியாது. பெண்டாட்டி இறந்துபோன ஒரு தாத்தா, பேத்திக்குச் சட்டைப் பட்டன் தைக்க வேண்டுமென்று வந்தவர்.

"டீச்சர் சொல்றாங்க, இது பொம்பளைங்க பாடமும் இல்ல, ஆம்பளைங்க பாடமும் இல்லையாம். வீட்ல இருக்கிறவங்க பாடமாம். வீட்டுல இல்லாதவன் வேணா படிக்காம இருக்கட்டும்னு சொல்றாங்க."

"எங்க டீச்சரும் இதத்தான் சொன்னாங்க. அப்போ யாரும் காது குடுக்கல."

"இப்போ என்னடான்னா எல்லாரும் நோட்டுல எழுதிக்கிறாங்க, தங்கச்சி."

டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க என்று மேல்வீட்டில் அந்தப் பேச்சுதான். ஒரு நாள் மத்தியானம் அக்கா என்னை மேலே கூப்பிட்டாள். நாற்காலியில், மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த டீச்சருக்கு என்ன வயசிருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போய்ப் பாத்துட்டு வா. நூலகத்துல ஏதாவது புத்தகம் எடுக்கிற மாதிரி."

போனேன். எனக்கும் ஆசைதான். கதவு இடுக்கில் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும் உடம்பு. பள்ளிக்கூடத்தில் பாடத்தை எடுத்துவிட்டதும் இருபது வருஷம் ஒரு மருந்துக்கடையில் நின்றவராம். லிஃப்ட்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி கையைத் தூக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறுபதுக்கு மேல இருக்கும்கா. தலையெல்லாம் நரை" என்று வந்து சொன்னேன். நிம்மதியாவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"அறுபதா? அப்போ அவருக்கு அந்தப் பாடத்தைத்தான் பிடிச்சிருக்கு."

வேறொரு பெண் என்றால் சண்டை போட்டிருக்கலாம். பருப்பு வேகவைக்கும் பாடத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த சனிக்கிழமை லிஃப்ட்காரர் ஒரே மாதிரி பன்னிரண்டு எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். பழைய டப்பாக்கள் எல்லாம் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, புதியதில் கொட்டி, வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, மேலே கண்ணாடி ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினார். உப்பு. சர்க்கரை. மிளகு. பருப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் நிரப்பிய தேதி. எழுத்து அச்சு அடித்தாற்போல இருக்கும் அவருக்கு. பழைய டப்பாக்களைச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுபோனார். குட்டி அலமாரி முன்னால் நின்று கைதட்டினாள்.

"அம்மா, இனிமே எனக்கு எது வேணும்னாலும் நானே எடுத்துப்பேன். உன்னைக் கேக்கவே வேண்டாம்!"

பாவம், அது சந்தோஷத்தில் சொன்னது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அவர்கள் இருவரும் கடைக்குப் போன பிறகு அக்கா என்னிடம் மனம் விட்டுப் பேசினாள். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"கை ஒடிஞ்ச அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? இனிமே இவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நான் இல்லேன்னா இந்த வீடு என்ன பாடு படும்னு தெரியும். நாலு நாள்ல 'நீ எப்படிம்மா இத்தனையும் பாத்தே'ன்னு வந்து நிப்பாங்கன்னு நெனச்சேன்."

"கேட்டாங்களா?"

"கேக்க எங்க நேரம்? வீடு நிக்கவே இல்லையேடி. அது பாட்டுக்கு ஓடுது. என்னைவிட நல்லா ஓடுது. அதான் பொறுக்கல. சொந்தப் புருஷன் மேல ஒருத்திக்கு வயித்தெரிச்சல் வருமா? எனக்கு வருது. அவர் ரொட்டியைத் திருப்பிப் போடுறதப் பாத்தா எனக்கு இங்கே பத்திக்கிட்டு வருது."

நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் குடித்த டம்ளரை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவர். எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபோது, "உனக்குச் சரியானதும் சாப்பிட்டுக்கலாம்" என்று சொல்லிப் பெரிய மனசு பண்ணியவர். இவளுக்கு ஒருத்தர் நோட்டுப் போட்டுப் படித்துச் சமைத்துப் போடுகிறார், இவள் உட்கார்ந்து அழுகிறாள். எனக்கும்தான் பற்றிக்கொண்டு வந்தது, அவள்மேல்.

வகுப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுத் தேர்வு ஒன்று உண்டு. டீச்சர் வீட்டுக்கே வருவார். அவரவர் அடுப்படியில், வீட்டாருக்கும் வெளியார் ஒருவருக்கும் சேர்த்துச் சமைத்துப் போட வேண்டும். அந்த வெளியார் நான்தான் என்று லிஃப்ட்காரர் சொல்லிவிட்டார். டப்பா வந்த சனிக்கிழமைக்கு மறுநாளே தேர்வு. அதுவரை புது டப்பா எதையும் திறக்காமல் வைத்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலை கடை டீ குடித்துவிட்டு, குட்டியையும் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனார். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அக்காவின் குரல் காற்றுவெளி வழியாக வந்தது.

"ஒரு நிமிஷம் மேல வா."

போனேன். மேஜைமேல் இரண்டு டப்பா எடுத்து வைத்திருந்தாள். உப்பு, சர்க்கரை.

"இந்தத் தாளை அதுலயும் அதை இதுலயும் மாத்தி ஒட்டு. எனக்கு ஒத்தைக் கையால பிரிக்க வரல."

"என்னக்கா இது, குழந்தை மாதிரி."

"ஒரே ஒரு தடவ. கேடு ஒண்ணும் இல்லையே. சூப்புல இனிப்பு தட்டுனா யாரும் செத்துட மாட்டாங்க. கொஞ்சம் சிரிப்பாங்க, அவ்வளவுதான். 'என்ன இருந்தாலும் அம்மா கை மாதிரி வருமா'ன்னு குட்டி ஒரு வார்த்தை சொல்லுவா. அது போதும் எனக்கு."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். மனையியலில் முதல் பாடமே பெயர் எழுதி வைப்பதுதான். தெரிந்தவள்தான் செய்தேன். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் உரித்து, நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டினேன். என் விரலுக்கு அது ஒரு வேலையே இல்லை. அவள் கேட்டதற்காகச் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் பன்னிரண்டு மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். அலமாரியைப் பார்த்தார், குப்பைக்கூடையைப் பார்த்தார், மீன் வெட்டிய பலகை வேறு, காய் வெட்டிய பலகை வேறு என்று பார்த்துத் தலையாட்டினார். "என் வகுப்புலயே இந்த மாதிரி ஒரு அடுப்படி நான் பாக்கல" என்றார். லிஃப்ட்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. பருப்பு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் டீச்சருக்கு வைத்தார். டீச்சர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

குட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயே, அப்பா, பாயசமா?" என்று சிரித்தாள். மீன் துண்டும் இனித்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. எழுந்து போய் உப்பு என்று எழுதிய டப்பாவைத் திறந்து ஒரு துளி நாக்கில் வைத்தார். சர்க்கரை என்று எழுதியதைத் திறந்து வைத்தார். திரும்பவும் முதலாவது. எழுத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய எழுத்து, அவர் ஒட்டியது, அவர் போட்ட தேதி.

"விடுங்க. பதட்டத்துல எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு வாய் ருசி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

"நான் மாத்தி எழுதியிருக்கேன் டீச்சர்" என்றார் அவர். "ரெண்டையும் பாத்துப் பாத்துத்தான் கொட்டினேன். அப்படியும் மாத்தி எழுதியிருக்கேன்."

அவர் குரலைக் கேட்டதும் குட்டி சிரிப்பை நிறுத்திவிட்டாள். அக்கா எதிர்பார்த்த அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க மேல்வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. லிஃப்ட்காரர் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. "நீயே பாத்துக்க, எனக்கு வேண்டாம்" என்று அடுப்படியை அக்காவிடம் கொடுத்துவிட்டார். அன்றுதான் மாவுக்கட்டும் பிரித்திருந்தார்கள். அக்கா கேட்டது கையில் கிடைத்துவிட்டது. மெலிந்து வெளுத்த கையால் கரண்டியைப் பிடித்துச் சமைத்தாள். அவர் என்ன போட்டாலும் தின்றார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். எரிவாயுக் குழாயை மூடிவிட்டு மறுபடி போய்த் தொட்டுப் பார்த்தார். குட்டிதான் ஓடிவந்து சொன்னாள்.

வியாழக்கிழமை அக்கா இறங்கி என் வீட்டுக்கு வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"என்னடி பண்ணிட்டோம்? இந்த மாசம் பாத்த பத்தொம்பது கட்டடத்துக்கும் திரும்பப் போய் லிஃப்ட்டைப் பாத்துட்டு வர்றார். ஒண்ணுலயும் தப்பு இல்லையாம். அப்பவும் மனசு ஆறல. 'என் எழுத்தை நம்பித்தான் இன்னொருத்தன் லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறான். மின்சாரம் நிறுத்தியாச்சுன்னு நான் எழுதிக் கட்டின அட்டையைப் பாத்துட்டு இறங்குறான். உப்பையும் சர்க்கரையையும் மாத்தி எழுதுறவன் அங்கே என்ன எழுதுவானோ'ன்னு சொல்றார்."

"நாலு நாள்ல சரியாப் போயிடும்கா."

"எங்க சரியாப் போகுது? லிஃப்ட் வேலையே வேண்டாம், உதிரிபாகக் கிடங்குல உக்கார வெச்சுடுங்கன்னு விண்ணப்பம் வாங்கிட்டு வந்திருக்கார். இருபத்தஞ்சு வருஷ வேலை. திங்கட்கிழமை குடுக்கப் போறாராம்."

"அப்போ சொல்லிடுங்க."

"சொன்னா என் மூஞ்சியில முழிப்பாரா?"

சொல்லிவிடு என்று சொல்லும்போதே, என் பெயரை விட்டுவிட்டுச் சொல்லு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் நான்.

சனிக்கிழமை காலை மழை விட்டு வெயில் அடித்தது. லிஃப்ட்காரரின் வேலைக் கால்சட்டைக்கு முட்டியில் ஒட்டுப்போட்டு வைத்திருந்தேன். கொடுக்கலாமென்று மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அவர் மேஜையில் விண்ணப்பத்தைப் பரப்பி, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அக்கா எதிரே நின்றாள்.

"என்னங்க, அதுல கையெழுத்துப் போடாதீங்க. டப்பாவுல தாளை மாத்தினது நான்."

அவர் நிமிரவில்லை. "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லாதே."

"தேத்தலங்க. நான்தான். நீங்க மீன் வாங்கப் போனப்போ."

அவர் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னும் அப்படியே வைத்திருந்தார், மாற்றி ஒட்டக்கூட அவருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுருக்கம் இல்லாம, கோணல் இல்லாம ஒட்டியிருக்கு. அன்னைக்கு உன் வலது கை கட்டுல இருந்துச்சு. ஒத்தைக் கையால இப்படி ஒட்ட எனக்கே வராது. நீ எனக்காகப் பழியை ஏத்துக்கிறே. வேண்டாம்மா."

பேனாவை எடுத்தார். அக்கா திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார்.

"அண்ணா, ஒட்டினது நான்" என்றேன். "அக்காவால பிரிக்க முடியல, என்னைக் கூப்பிட்டாங்க. உங்க எழுத்துல தப்பு இல்ல. நீங்க எழுதினது எல்லாம் சரிதான்."

அவர் என்னைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"ஆறு நாள். ஆறு நாள் நான் தூங்கல, தெரியுமா உங்களுக்கு?" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஏன்?"

"வயித்தெரிச்சல்" என்றாள் அக்கா. "வேற ஒண்ணும் இல்ல. எனக்குன்னு இருந்தது இந்த அடுப்படி ஒண்ணுதான். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க. சும்மா எடுத்துக்கல, என்னைவிட நல்லா நடத்திக் காட்டினீங்க."

"அப்போ நானும் ஒண்ணு சொல்றேன், கேளு. பதினெட்டு வருஷம் இந்த வாசல்ல நின்னு தண்ணி கேட்டிருக்கேன். உள்ளே விட்டியா? குட்டிக்குப் பசின்னா உன்னைத் தேடும், காய்ச்சல்னா உன்னைத் தேடும், பென்சில் காணலேன்னாலும் உன்னைத் தேடும். என்கிட்ட என்ன கேக்கும்? 'அம்மா எங்கப்பா'ன்னு கேக்கும். எனக்கு மட்டும் உன்மேல வயித்தெரிச்சல் இல்லாம இருந்துச்சா? போன மாசம் ஒரு நாள், நீ இங்கே உக்காந்திருக்கும்போதே, அவ என்கிட்ட வந்து 'பசிக்குதுப்பா'ன்னா. அன்னைக்கு வேலைக்கு விசில் அடிச்சுட்டே போனேன். இறங்கி வர்றப்போ தங்கச்சி கேட்டிருப்பாங்க."

கேட்டிருந்தேன். என்ன சந்தோஷமோ என்று அன்றைக்கே எனக்கு மூக்கில் வேர்த்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "அத ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவர் விண்ணப்பத்தை நாலாகக் கிழித்து, குப்பைக்கூடையில் காகிதம் போடுகிற பக்கம் பார்த்துப் போட்டார். அந்த நிலையிலும் படித்த பாடம் மறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரி, அவளுக்கு இது. உங்களுக்கு என்ன தங்கச்சி? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

அக்கா கேட்டாள், அதனால் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலண்ணா. எனக்கு அக்கா மேல பொறாமை."

"என் மேலயா?" அக்கா நிமிர்ந்தாள். அவள் கண் விரிந்துவிட்டது. "கையை ஒடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தவ மேல உனக்கு என்னடி பொறாமை?"

"உங்க கை ஒடிஞ்சுது, உங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. என் கை ஒடிஞ்சா என்ன நடக்கும் தெரியுமாக்கா? எங்க வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு மேல ஏறி வருவார். நானும் அதே பாடத்தைத்தான் படிச்சேன். ரெண்டு வருஷம் படிச்சேன். எனக்காக ஒருத்தரும் ஒரு நாள் போய் உக்காந்து படிக்கல."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. கால்சட்டையை மேஜை ஓரத்தில் வைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கடையில் வேண்டாமென்று வைத்த துணியை இன்னொருத்தி கையில் எடுத்ததும் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி. நடந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"சரி சரி, பேசினது போதும். நீ கிளம்பு. எங்களுக்குச் சமையல் வேலை கெடக்கு."

நான் படி இறங்கும்போது பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அந்த வீட்டிலிருந்து சத்தம். கூடவே அவள் குரல்.

"கரண்டியைக் கையில வெச்சுட்டு என்ன பாக்குறீங்க? அளந்து போட்டாலும் ஒரு வாய் ருசி பாக்கணும். உங்க டீச்சர் சொல்லித் தரலையா?"

"சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"பருப்பு வெந்துச்சான்னு பாக்கத் தெரியுமா? அட்டையைப் பாக்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க. இப்போ கொதிக்கிற சத்தம் கனமா இருக்கு பாருங்க."

"இரு, இரு. எழுதிக்கிறேன்."

வயிறு எரிந்தது. தப்பை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. வீட்டுக்குள் நுழைந்தேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் மூக்கை உறிஞ்சினார்.

"மேல நல்ல வாசனை வருதே. நமக்கு எப்போ சாப்பாடு?"